தெளிதல்: வணிகத்தில் நம்பிக்கை, நேர்மை, தலைமை

தமிழில் தெளிதல் என்னும் சொல் இரு பொருளில் வழங்கி வந்திருக்கிறது. கலங்கிய நீர் அடங்கி அடிமணல் தெரியும்படி ஆவது தெளிதல்; ஒருவரை ஆராய்ந்தறிந்து அவர்மேல் நம்பிக்கை வைப்பதும் பழந்தமிழில் தெளிதலே. வினைக்கு உரியவர்களைத் தேர்ந்தெடுப்பது பற்றிய திருக்குறளின் 51ஆம் அதிகாரம் ‘தெரிந்துதெளிதல்’ என்று பெயர் பெற்றிருப்பதும், ஆராயாமல் நம்புவது, நம்பிய பின் ஐயுறுவது ஆகிய இரண்டையும் அவ்வதிகாரம் ஒருசேரக் கடிவதும் இவ்விரு பொருளும் எவ்வளவு நெருங்கியவை என்பதைக் காட்டுகின்றன. வணிக நம்பிக்கை குறித்த இன்றைய பேச்சில் இந்த நெருக்கம் பெரிதும் விடுபட்டுப்போயிற்று. நம்பிக்கையை ஓர் உணர்ச்சியாகவும், கணக்குக் கேட்பதை அவ்வுணர்ச்சிக்கு நேர்ந்த அவமதிப்பாகவும் கருதும் பழக்கம் குடும்பக் கடைகளில் தொடங்கிப் பங்குச் சந்தையில் இடம்பெற்ற பெருநிறுவனங்கள் வரை பரவியிருக்கிறது. ‘என்மேல் நம்பிக்கை இல்லையா’ என்ற ஒரே கேள்வியால் எத்தனையோ நியாயமான கேள்விகள் வாயடைக்கப்பட்டிருக்கின்றன. அடிவரை பார்க்கத் தரும் கணக்கிலிருந்தே வணிக நம்பிக்கை பிறக்கிறது என்பதும், அப்படிப் பார்க்கத் தருவதைத் தம்மிடமிருந்தே தொடங்குவதுதான் தலைமையின் நேர்மை என்பதும் இச்சொற்பொழிவின் கருத்து. சென்னையிலும் ஹைதராபாத்திலும் ஏறத்தாழ நூறாண்டு இடைவெளியில் நிகழ்ந்த இரு வீழ்ச்சிகளையும், அவற்றுக்கு முன்னும் பின்னும் மனிதர் செய்துகொண்ட ஏற்பாடுகளையும் துணையாகக் கொண்டு அக்கருத்து இங்கே ஆராயப்படுகிறது.

கைக்குக் கை மாறும் வணிகத்தில் நம்பிக்கைக்கு வேலை குறைவு. உழவர் சந்தையில் கத்தரிக்காய் வாங்குபவர் காயைத் திருப்பிப் பூச்சி பார்க்கிறார், தராசைக் கவனிக்கிறார், பணத்தைக் கொடுத்துவிட்டு நகர்கிறார். இன்று கொடுத்த பணம் ஐந்தாண்டு கழித்துத் திரும்ப வேண்டியிருக்கும்போதும், கடல் கடந்த ஊரில் வேறொருவர் கையில் அது புழங்கும்போதும்தான் நம்பிக்கை இன்றியமையாததாகிறது. நவீன நிறுவனம் இந்தக் காலத்தையும் தொலைவையும் சட்டத்தின் துணையோடு பெரிதாக்கியது. வரையறுக்கப்பட்ட பொறுப்பு, அதாவது பங்குதாரர் தாம் போட்ட முதலை மட்டுமே இழப்பார், நிறுவனத்தின் கடனுக்காக அவருடைய வீட்டையும் நிலத்தையும் யாரும் கேட்க முடியாது என்னும் ஏற்பாடு, முன்பின் அறியாத ஆயிரக்கணக்கானோர் ஒரே தொழிலில் பணம் போட வழி திறந்தது. பணத்துக்கு உரியவர் ஓரிடத்திலும் அதை ஆளும் கை வேறிடத்திலும் இருக்கும் நிலையையும் அதுவே நிலைநிறுத்தியது. பொருளியலார் இதனை முகவர் சிக்கல் என்பர். பிறர் பொருட்டுச் செயல்படும் முகவருக்குத் தொழிலின் உள்நிலை தெரிந்த அளவு பொருளுக்கு உரியவருக்குத் தெரிவதில்லை என்பதும், முகவரின் நலனும் உரியவரின் நலனும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை என்பதும் அச்சிக்கலின் இரு முடிச்சுகள்.

பொருளியல் அப்பெயரைச் சூட்டுவதற்கு வெகுகாலம் முன்பே செட்டிநாட்டு நகரத்தார் அச்சிக்கலை நேர்கொண்டிருந்தனர். கொண்டுவிற்கப் போதல் என்று அவர்கள் வழங்கிய கடல்கடந்த வணிகம் 19ஆம் நூற்றாண்டில் இலங்கை, பர்மா, மலாயா, சிங்கப்பூர் என விரிந்தபோது, முதலாளி காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ இருக்க, கடையை நடத்தும் ஏஜெண்டு ரங்கூனிலோ பினாங்கிலோ இருந்தார். ஏஜெண்டுக்குப் பெரும்பாலும் மூன்றாண்டுத் தவணை. சம்பளத்தில் ஒரு பகுதி புறப்படும்போதே முன்பணமாகத் தரப்படும். தவணை முடிந்து ஊர் திரும்பிக் கணக்கு ஒப்படைத்த பிறகே இலாபத்தில் ஒரு பங்கு கைக்கு வரும். ஏஜெண்டுக்கு அடுத்த நிலையில் அடுத்தாள், எல்லாருக்கும் கீழே பெட்டியடிப் பையன் என்று படிநிலை இருந்தது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளும் பெட்டியடியில் உட்கார்ந்து, எடுபிடி வேலை செய்து, கணக்கெழுதப் பழகித்தான் மேலே வரவேண்டியிருந்தது. நாளை முதலாளியாகப் போகிறவர் இன்று பிறருடைய கணக்குக்குக் கீழ்ப்படிந்திருக்க வேண்டும் என்ற இந்த ஒழுங்கு, தலைமைப் பயிற்சி என்ற பெயரில் இக்காலத்தில் நடத்தப்படும் பலவற்றைவிட ஆழமானது.

அவ்வணிகம் நடந்த கிட்டங்கியை அருகிலிருந்து பார்த்தால் நம்பிக்கையின் இயக்கம் விளங்கும். கிட்டங்கி என்பது நீண்ட கூடம். அதன் இருபுறமும் பல கடைகள் வரிசையாக இருக்கும். கடை என்றால் தனி அறையோ கதவோ கிடையாது. தரையில் சில அடி அகல இடம், விரித்த பாய், கைப்பெட்டி, எழுதுவதற்குச் சிறு மேசை, சுவரோரம் பேரேடுகள் அடுக்கிய அலமாரி, அவ்வளவே. பகலில் சம்மணமிட்டு அமர்ந்து வரவுசெலவு பார்த்த இடமே பலருக்கு இரவில் படுக்கை. ஒரு கடையின் பெட்டி திறந்து மூடும் ஓசை அடுத்த கடைக்குக் கேட்கும். யார் வாசலில் கடன் கேட்டு நிற்கிறார்கள், யார் தவணை தவறியவர்கள் என்பது கூடத்துக்கே தெரியும். அன்றன்றைய நடப்பு நாள்வழிக் குறிப்பில் ஏறும், அதிலிருந்து ஆள்வாரியாகப் பேரேட்டுக்குப் போகும், இருப்புநிலையைச் சுருக்கிக் காட்டும் ஐந்தொகை ஊரிலுள்ள முதலாளிக்கு அனுப்பப்படும். ரங்கூனில் மொகல் தெருக் கோயிலில் கூடி, கடைகள் தங்களுக்குள் கொடுத்து வாங்கும் பணத்துக்கான நடப்பு வட்டி விகிதத்தை மாதந்தோறும் நிர்ணயித்தனர். இத்தனை கண்களுக்கு நடுவே ஒருவர் ஏமாற்றினால் அவருக்கு அடுத்த வேலை கிடைக்காது, அவர் வீட்டுக்குப் பெண் கொடுக்கவும் தயங்குவார்கள். ஒரு துண்டுத் தாளில் எழுதிய உண்டியல் என்னும் பணமாற்றுச் சீட்டு கடல் தாண்டிய ஊரில் மறுபேச்சின்றிப் பணமானதற்குப் பின்னால் இந்த ஓயாத பார்வை இருந்தது. நகரத்தார் சொல்லுக்கிருந்த மதிப்பைப் பிறவிக் குணமாகச் சொல்லிப் பாராட்டுவது அந்த உழைப்பை மறைத்துவிடுகிறது.

ஆனால் அந்த நம்பிக்கை தன் வட்டத்துக்கு வெளியே எப்படி நடந்துகொண்டது என்பதையும் நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். பெண்களுக்கு அக்கூடத்தில் இடமில்லை; பிற சாதியார் வாடிக்கையாளராகலாம், பங்காளியாதல் அரிது. பர்மிய உழவருக்குத் தம் கடனுக்குரிய நிலப்பத்திரத்தின் கட்டுப்பாடு தெரிந்ததே தவிர, கடன் கொடுத்தவரின் பேரேட்டைப் புரட்டும் உரிமை இருந்ததில்லை. 1930களின் பொருளாதார மந்தத்தில் நெல் விலை சரிந்து தவணைகள் நின்றபோது, கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு நிலம் பத்தாண்டுக்குள் நகரத்தார் கைக்குப் போயிற்று. நிலத்தை விரும்பி வாங்கியவர்கள் அவர்களிலும் சிலரே, பணமாகத் திரும்பாத கடன் நிலமாகத் திரும்பியது. அதன் கசப்பை இரு தரப்பினரும் பல்லாண்டுகள் அனுபவித்தனர். ஒருவரையொருவர் கணக்குக் கேட்கும் உரிமை எதுவரை போகிறதோ அதுவரைதான் நம்பிக்கையும் போகிறது என்பதற்கு இதைவிடத் துயரமான சான்று தமிழர் வணிக வரலாற்றில் இல்லை.

நகரத்தாரின் கடல்கடந்த வணிகம் வளர்ந்துவந்த காலத்தில் சென்னையில் வேறு வகை நம்பிக்கை ஒன்று ஆட்சி செய்தது. பாரி, பின்னி, அர்பத்நாட் ஆகிய மூன்றும் நகரத்தின் பெரும் ஆங்கிலேய வணிக இல்லங்கள். அவற்றுள் அர்பத்நாட் நிறுவனம் ஏற்றுமதி, தோட்டம், முகமை ஆகிய தொழில்களோடு பொதுமக்களிடம் டெபாசிட்டும் பெற்று வந்தது. ஓய்வுபெற்ற அலுவலர், வழக்கறிஞர், ஜமீன்தார், கணவரை இழந்து வட்டியை மட்டுமே நம்பி வாழ்ந்த பெண்கள் எனப் பல நிலையினரின் சேமிப்பு அங்கே இருந்தது. நிறுவனத்தின் தலைவர் சர் ஜார்ஜ் அர்பத்நாட், சென்னை வணிகர் சபையின் தலைமைப் பொறுப்பை வகித்தவர், அரசின் மதிப்பைப் பெற்று சர் பட்டம் சூடியவர். கூட்டாண்மை நிறுவனமாதலால் தன் இருப்புநிலைக் கணக்கை வெளியிடும் கடமை அதற்கில்லை. கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவும் இல்லை. கடற்கரைச் சாலையில் எழுந்து நின்ற கட்டடமும் தலைவரின் பெயருமே கணக்கின் இடத்தில் இருந்தன.

1906 அக்டோபர் 22, திங்கட்கிழமையன்று அர்பத்நாட் நிறுவனம் கதவை மூடியது. அதன் லண்டன் பங்காளியான பாட்ரிக் மக்ஃபாடியன் ஊக வணிகத்திலும் தொலைதூர முயற்சிகளிலும் பெரும் பணத்தை முடக்கி இழந்திருந்தார்; சென்னை நிறுவனம் மூடுவதற்குச் சற்று முன் அவர் லண்டனில் உயிரை மாய்த்துக்கொண்டார். நிறுவனத்தின் பொறுப்புகள் இரண்டரைக் கோடி ரூபாய்க்கும் மேல், சொத்துகளோ அதில் சிறு பகுதியே என்பது பின்னர் தெரியவந்தது. அன்றைய ரூபாயின் மதிப்பில் அது எத்தனை குடும்பங்களின் அடுப்பை அணைத்திருக்கும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். பணம் போட்டவர்களுக்குப் பல மாதங்கள் அலைச்சலும் இறுதியில் அற்பப் பங்குமே மிஞ்சின. சர் ஜார்ஜ் அர்பத்நாட் மீது மோசடி வழக்கு நடந்து, 1907இல் அவருக்கு 18 மாதக் கடுங்காவல் விதிக்கப்பட்டது. குடியேற்ற ஆட்சியில் அவ்வளவு உயர்ந்த ஆங்கிலேய வணிகர் ஒருவர் சிறை புகுந்தது நகரத்தை உலுக்கியது. எனினும் இந்நிகழ்வை ஒரு மனிதரின் வீழ்ச்சியாக மட்டும் படிப்பது போதாது. பணம் போட்டவர்கள் ஏமாளிகள் அல்லர். அவர்களில் சட்டம் படித்தவர் பலர். கேட்கப்பட வேண்டிய கேள்வியைக் கேட்பதே மரியாதைக் குறைவு என்று எண்ணும் ஒரு சமூகச் சூழலில் அவர்கள் வாழ்ந்தார்கள் என்பதே அடிப்படைக் குறை.

அக்குறைக்கு விடை தேடியவர்களில் முதல்வர் வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயர். சமஸ்கிருதக் கல்லூரியை நிறுவியவரும், அரசியலில் தாம் மிதவாதியாக இருந்தும் பாரதியின் தேசியப் பாடல்களை அச்சிட்டுப் பரப்பியவருமான அவர், அர்பத்நாட் நிறுவனத்தில் பணத்தை இழந்தவர்களுக்காக வழக்காடியதோடு நில்லாமல், இந்தியரே நடத்தும் வங்கி ஒன்று வேண்டும் என்று முனைந்தார். நகரத்தார் முதலீடும் வழக்கறிஞர்களின் முயற்சியும் ஒன்றுசேர, இந்தியன் வங்கி 1907 மார்ச் 5 அன்று பதிவு பெற்று, அவ்வாண்டு ஆகஸ்ட் 15 அன்று தொழிலைத் தொடங்கியது. சுதேசி உணர்ச்சி கொழுந்துவிட்டிருந்த காலம் அது என்பதால் அவ்வங்கியின் பிறப்பைத் தேசிய எழுச்சியின் பகுதியாகவே பெரும்பாலோர் எழுதுகிறார்கள். அது சரியே, ஆயினும் அதன் சட்ட வடிவம் இன்னும் கூர்ந்து நோக்கத்தக்கது. அது கூட்டுப்பங்கு நிறுவனமாக, அதாவது பங்குதாரர் பலர் சேர்ந்து, இயக்குநர் குழுவைத் தேர்ந்து, ஆண்டுக் கணக்கைத் தம்முன் வைக்கச் செய்யும் நிறுவனமாக அமைந்தது. எரிந்த வீட்டின் பக்கத்தில் புதுவீடு கட்டுபவர் கூரை ஓலையைத் தவிர்ப்பது போல, ஒருவருடைய பெயரை மட்டும் நம்பி இருப்பதை அவர்கள் தவிர்த்தார்கள்.

வடிவம் மட்டும் காவலாகிவிடாது என்பதையும் அதே வங்கியின் வரலாறே கற்பித்தது. 1969இல் நாட்டுடைமையாக்கப்பட்ட இந்தியன் வங்கி, 1995-96ஆம் நிதியாண்டில் 1,336 கோடி ரூபாய் நட்டம் காட்டியது. இந்திய வங்கி வரலாற்றில் அதுவரை எந்த வங்கியும் அவ்வளவு நட்டம் கண்டதில்லை. போதிய ஆய்வின்றிச் சில பெருங்கடனாளிகளுக்கு வாரி வழங்கப்பட்ட கடன்கள் வாராக்கடனாயின, அதாவது வட்டியும் அசலும் திரும்பாமல் கணக்கில் மட்டும் சொத்தாகத் தங்கின. இயக்குநர் குழு இருந்தது, தணிக்கை இருந்தது, ரிசர்வ் வங்கியின் மேற்பார்வையும் இருந்தது. மேலிடத்திலிருந்து வந்த கடன் விண்ணப்பத்தின் ஓரத்தில் ‘முடியாது’ என்று எழுதும் துணிவுதான் வேண்டிய இடத்தில் இல்லாமற் போயிற்று. 2000இல் தலைமை ஏற்ற ரஞ்சனா குமார், அரசு அளித்த மூலதனத்தோடு நிலைமையை ஊழியர்முன் ஒளிக்காமல் எடுத்துரைக்கும் முறையையும் கையாண்டார். வங்கி எங்கே நிற்கிறது என்பது மேசைப்பணி எழுத்தர் வரை தெரிந்த பிறகே மீட்சி தொடங்கியது. ஓரிரு ஆண்டுகளில் வங்கி இலாபப் பாதைக்குத் திரும்பியது. கெட்ட செய்தியைக் கீழே உள்ளவரிடம் சொல்வது தலைமையின் அதிகாரத்தைக் குறைக்கும் என்ற அச்சம் பல நிறுவனங்களில் உண்டு. இந்தியன் வங்கியில் அது எதிர்மாறாகவே பலித்தது.

இதுவரை கண்டவை கடனும் டெபாசிட்டும் சார்ந்தவை. பங்குச் சந்தையின் காலத்தில் நம்பிக்கை எவ்வாறு சிதையும் என்பதற்கு ஹைதராபாத்தின் சத்யம் கம்ப்யூட்டர் சர்வீசஸ் நிறுவனமே இந்தியா கண்ட மிகப் பெரிய பாடம். 1987இல் தொடங்கப்பட்ட அந்நிறுவனம் சுமார் 53,000 ஊழியர்களோடு நாட்டின் முன்னணி மென்பொருள் நிறுவனங்களில் ஒன்றாக வளர்ந்திருந்தது. தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகளிலிருந்தும் ஆண்டுதோறும் பலர் அதில் சேர்ந்தனர். அதன் இயக்குநர் குழுவில் அமெரிக்கப் பல்கலைக்கழகப் பேராசிரியர், மேலாண்மைக் கல்வி நிறுவனத்தின் தலைவர், மத்திய அரசின் முன்னாள் அமைச்சரவைச் செயலாளர் ஆகியோர் இருந்தனர். 2008இல் நிறுவன ஆளுகைக்கான கோல்டன் பீகாக் விருதும் அதற்குக் கிடைத்தது. நிறுவன ஆளுகை என்பது ஒரு நிறுவனத்தை நடத்துபவர்களை யார், எப்படி, எந்த விதிகளின்படி கண்காணிக்கிறார்கள் என்னும் ஒட்டுமொத்த ஏற்பாட்டின் பெயர். அதற்கான விருது, கண்காணிப்பு நடந்தது என்பதற்குச் சான்றாகாது என்பது சில மாதங்களில் வெளிப்பட்டு, விருதும் திரும்பப் பெறப்பட்டது.

2009 ஜனவரி 7 அன்று நிறுவனத் தலைவர் பி. ராமலிங்க ராஜு இயக்குநர் குழுவுக்கு எழுதிய கடிதம் நாட்டையே திகைக்கவைத்தது. 2008 செப்டம்பர் 30 நிலவரப்படி வங்கியிலும் கையிலும் இருப்பதாகக் கணக்கில் காட்டப்பட்ட 5,361 கோடி ரூபாயில் 5,040 கோடி இல்லாத பணம். அந்தக் காலாண்டின் வருமானம் 2,700 கோடி என்று காட்டப்பட்டது, உண்மையில் 2,112 கோடி. செயல்பாட்டு இலாபம் 649 கோடி என்று காட்டப்பட்டது, உண்மையில் 61 கோடி. சிறு இடைவெளியாகத் தொடங்கிய பொய் ஆண்டுக்கு ஆண்டு பெருத்து இறங்க வழியற்ற நிலைக்குத் தம்மைக் கொண்டுவந்தது என்றும், தம் குடும்பத்தைச் சார்ந்த மேட்டாஸ் நிறுவனங்களைச் சத்யம் வாங்கும்படி 2008 டிசம்பரில் எடுத்த முயற்சி, பொய்ச் சொத்தின் இடத்தில் மெய்ச் சொத்தை வைப்பதற்கான கடைசி முயற்சி என்றும் அவர் கடிதத்தில் ஒப்புக்கொண்டிருந்தார். முதலீட்டாளர் எதிர்ப்பால் அம்முயற்சி அறிவிக்கப்பட்ட சில மணி நேரத்திலேயே கைவிடப்பட்டது. கடிதம் வெளியான நாளில் பங்கின் விலை ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு சரிந்தது. 2015 ஏப்ரல் 9 அன்று ஹைதராபாத் சிறப்பு நீதிமன்றம் பத்துப் பேரைக் குற்றவாளிகளெனத் தீர்ப்பளித்து, ராஜுவுக்கு ஏழாண்டு சிறை விதித்தது. மேல்முறையீட்டின்போது அத்தண்டனை நிறுத்திவைக்கப்பட்டது.

ஐயாயிரம் கோடி ரூபாய் இல்லை என்பது தணிக்கையாளருக்கு எப்படித் தெரியாமல் போயிற்று என்று அப்போது எங்கும் கேட்கப்பட்டது. அதற்கான விடை ஓர் அஞ்சல் உறையில் இருக்கிறது. ஒரு நிறுவனம் தன் பணம் வங்கியில் இருக்கிறது என்று சொன்னால், ஆடிட்டர் அதை வங்கியிடம் எழுத்து மூலம் உறுதிப்படுத்த வேண்டும். இதற்கு வங்கி உறுதிக் கடிதம் என்று பெயர். கேள்விக் கடிதத்தை ஆடிட்டரே அனுப்ப வேண்டும், பதில் ஆடிட்டரின் முகவரிக்கே நேராக வர வேண்டும், இடையில் நிறுவனத்தின் கை படக்கூடாது. விதி இவ்வளவு எளிது. அதன் பயன் முழுவதும் அந்த நேர்ப்பாதையில்தான் இருக்கிறது. சத்யம் தணிக்கையில் இப்பாதை நிறுவனத்தின் கையிலேயே விடப்பட்டிருந்தது என்று அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையம் 2011இல் கண்டறிந்து நடவடிக்கை எடுத்தது. கேள்வி நிறுவனத்தின் வழியே போயிற்று, பதிலும் நிறுவனத்தின் வழியே வந்தது. பதிலாக வந்தவை போலியாகத் தயாரிக்கப்பட்ட தாள்கள். வருமானப் பக்கத்திலும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட போலி இன்வாய்ஸ்கள் உருவாக்கப்பட்டிருந்தன. ஒரு வேலைநாளில் இளநிலைத் தணிக்கை உதவியாளர் ஒருவர், ‘சார், இதை நானே வங்கிக்கு அனுப்பிவிடுகிறேன்’ என்று சொல்லி உறையைத் தம் பையில் வைத்துக்கொண்டு போயிருந்தால் போதும். அந்தச் சிறு செயல் வாடிக்கையாளரை அவமதிப்பதாகுமோ என்ற தயக்கம், அர்பத்நாட் வாசலில் நின்ற சென்னைவாசிகளின் தயக்கத்தோடு உடன்பிறந்தது.

சத்யத்தின் இயக்குநர் குழுவிலிருந்த சுயேச்சை இயக்குநர்களின் நிலையும் எண்ணத்தக்கது. சுயேச்சை இயக்குநர் என்பவர் நிறுவனத்தோடு பணவழித் தொடர்போ தலைமையோடு உறவோ இல்லாதவராக இருந்து, எல்லாப் பங்குதாரரின் சார்பிலும் கேள்வி கேட்கக் கடமைப்பட்டவர். ராஜுவின் ஒப்புதலுக்குச் சில வாரங்கள் முன், புனைபெயரில் ஓர் ஊழியர் எழுதியதாகத் தோன்றும் மின்னஞ்சல் அவர்களில் ஒருவருக்கு வந்து, வங்கி இருப்பே இல்லை என்று எச்சரித்தது. மேட்டாஸ் விவகாரத்துக்குப் பிறகு சுயேச்சை இயக்குநர் சிலர் விலகிக்கொண்டனர். அவர்களின் அறிவையோ ஒழுக்கத்தையோ ஐயுறத் தேவையில்லை. ஆண்டுக்குச் சில நாள் கூடி, தலைமை தயாரித்துத் தந்த தாள்களைப் படித்துக் கையெழுத்திடும் ஒருவருக்குக் கிட்டங்கியில் அமர்ந்த அடுத்த கடைக்காரருக்குத் தெரிந்த அளவு தெரிய வழியில்லை என்பதே சிக்கல். அவரைத் தேர்ந்தெடுப்பதில் நிறுவனத்தைத் தோற்றுவித்த குடும்பத்தின் சொல்லே பெரும்பாலும் எடுபடுகிறது. தம்மை அழைத்து வந்தவரிடமே கணக்குக் கேட்பது நம் பண்பாட்டில் எவ்வளவு கடினம் என்பது திருமண வீட்டில் மொய்க் கணக்கில் பிழை கண்டவருக்கும் தெரியும்.

சட்டம் தன் பங்கைச் செய்தது. 2013ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டம், பங்குச் சந்தையில் இடம்பெற்ற நிறுவனங்களின் இயக்குநர் குழுவில் குறைந்தது மூன்றில் ஒருவர் சுயேச்சை இயக்குநராக இருக்க வேண்டும் என்றது. ஒரே தணிக்கை நிறுவனம் தொடர்ந்து பத்தாண்டுக்கு மேல் நீடிக்கலாகாது என்றது. மோசடியைக் கண்ட தணிக்கையாளர் அதைத் தெரிவித்தே ஆக வேண்டும் என்றது. முறைகேட்டைச் சுட்டிக்காட்டும் ஊழியருக்குப் பாதுகாப்பான வழி வேண்டும் என்றது. தணிக்கைத் தொழிலையே மேற்பார்வையிட 2018இல் தேசிய நிதி அறிக்கை ஆணையம் அமைந்தது. தமிழ்நாட்டில் இதற்கு முன்பே, மிகையான வட்டி காட்டி மக்களின் பணத்தைத் திரட்டிக்கொண்டு மறைந்த பைனான்ஸ் நிறுவனங்களின் கொடுமையால், முதலீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டம் 1997இல் இயற்றப்பட்டு, அத்தகைய நிறுவனங்களின் சொத்துகளை முடக்கிப் பணம் இழந்தவர்களுக்குப் பங்கிடும் அதிகாரம் அரசுக்குக் கிடைத்தது. இவை யாவும் வேண்டியவை. ஆனால் முடக்கி எடுக்கும் சொத்து, இழந்த பணத்துக்கு ஈடாவது அரிது. மகளின் கல்யாணத்துக்கென்று சேர்த்துவைத்த ஓய்வூதியப் பணம் வழக்கு முடியும்வரை காத்திருக்கும் பொருள் அன்று.

எளிய மக்களின் அன்றாட வணிகத்தில் சோதனையும் நம்பிக்கையும் ஒன்றையொன்று வளர்ப்பதற்கு நகைக்கடை நல்ல எடுத்துக்காட்டு. தலைமுறை தலைமுறையாகக் குடும்ப ஆசாரியை நம்பி நகை செய்துகொண்ட தமிழர், மாற்றுக் குறைந்திருக்கிறது என்பதை அடகு வைக்கும்போதோ உருக்கும்போதோதான் அறிந்தார்கள். அதற்குள் பதினைந்து ஆண்டு போயிருக்கும். 22 காரட் தங்கத்தில் ஆயிரத்துக்கு 916 பங்கு தூய தங்கம் என்பதைக் குறிக்கும் முத்திரை 2021 ஜூன் முதல் படிப்படியாகக் கட்டாயமாக்கப்பட்டது, 2023 ஏப்ரல் முதல் முத்திரையிட்ட ஒவ்வொரு நகைக்கும் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இடத் தனி அடையாளமும் வேண்டியதாயிற்று. தொடக்கத்தில் இதைச் சுமையாகக் கருதிய கடைக்காரர் பலர் உண்டு. இன்று வாங்குபவர் உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கேட்டு வாங்கி மோதிரத்தின் உட்புறத்தைப் பார்க்கும்போது, முகம் சுளிக்காமல் கண்ணாடியை எடுத்து நீட்டும் கடைக்காரரையே ஊர் நாணயமானவர் என்கிறது. நாணயம் என்ற சொல்லைக் காசுக்கும் குணத்துக்கும் பொதுவாக வைத்த மொழி இது. காசைச் சுண்டிப் பார்ப்பதில் யாருக்கும் கோபம் வந்ததில்லை.

பெருநிறுவனத் தலைவரும் அந்தக் கண்ணாடியை எடுத்து நீட்டக் கற்க வேண்டும். தம் குடும்ப நிறுவனங்களோடு நடக்கும் கொடுக்கல் வாங்கலைத் தாமே முதலில் மேசைமேல் வைப்பதும், காலாண்டு இலக்கைத் தொட முடியவில்லை என்றால் அதை அப்படியே அறிவிப்பதும், ‘இது சரியில்லை’ என்று சொன்ன ஊழியரை அடுத்த மாதமும் அதே நாற்காலியில் உட்கார்ந்திருக்க விடுவதும் அதன் நடைமுறை வடிவங்கள். இவற்றுள் இரண்டாவதே மிகக் கடினமானது என்று தோன்றுகிறது. சத்யத்தின் பொய் எந்தப் பேராசையிலும் தொடங்கவில்லை என்று ராஜுவின் கடிதத்தை நம்பினாலும், ஒரு காலாண்டின் சிறு குறையைச் சொல்லக் கூசியதில் அது தொடங்கியிருக்க வேண்டும். குறைந்த இலாபத்தைக் காட்டிய காலாண்டுக்காகப் பங்கின் விலை பத்து விழுக்காடு விழுந்திருக்கலாம், நிறுவனம் நின்றிருக்கும்.

சத்யத்தின் பிற்பகுதிக் கதை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அரசு பழைய இயக்குநர் குழுவைக் கலைத்து, தீபக் பரேக், கிரண் கார்னிக், அச்சுதன் ஆகியோரையும், பின்னர் தணிக்கைத் துறையில் நெடுங்காலம் பணியாற்றிய டி.என். மனோகரன் உள்ளிட்ட வேறு மூவரையும் அமர்த்தியது. அவர்கள் முன்னிருந்த முதல் வேலை ஐம்பதாயிரம் குடும்பங்களுக்கு ஜனவரி மாதச் சம்பளம் போய்ச்சேர்வது. அடுத்தது, வாடிக்கையாளர் நிறுவனங்களை ஒவ்வொன்றாக அழைத்து, தெரிந்ததை இவ்வளவு என்றும் தெரியாததை இவ்வளவு என்றும் சொல்வது. 2009 ஏப்ரலில் வெளிப்படையான ஏலத்தில் டெக் மஹிந்திரா பங்கு ஒன்றுக்கு 58 ரூபாய் விலைக்கு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும் பங்கை எடுத்தது. ஏலம் கேட்டவர்கள் முன் நம்பத்தக்க இருப்புநிலைக் கணக்கு ஏதும் இல்லை. புதிய நிர்வாகம் அதன்பின் பல காலாண்டுகள் முடிவுகளை வெளியிடாமல், போலி இன்வாய்ஸ்களை மெய்யானவற்றிலிருந்து பிரித்து, வங்கிக்கு வங்கி எழுதி, பழைய பேரேடுகளை வரிவரியாகத் திருப்பி எழுதியது. ஒரு கடிதத்தில் சில பக்கங்களில் ஒப்புக்கொள்ளப்பட்ட பொய்யை நேராக்க ஏறத்தாழ இருபது மாதங்கள் ஆயின. திருத்தப்பட்ட கணக்கு 2010 செப்டம்பர் 29 அன்று வெளியிடப்பட்டது. அது நட்டக் கணக்கு.